கை எட்டினால் 'திஸ்', எட்டாவிட்டால் 'தட்'

ஆங்கிலம் கற்கத் தொடங்கியவுடன் வரும் பாடம் இது: அருகில் இருக்கும் ஒன்றைக் காட்ட 'திஸ்', தள்ளி இருக்கும் ஒன்றைக் காட்ட 'தட்'. இரண்டே வரியில் பாடம் முடிந்துவிடும். ஆனால் எவ்வளவு தூரம் வரை அருகில்? மூன்று அடியா, முப்பது அடியா? ஒரே மேசையில் இருக்கும் ஒரே பேனாவை ஒருவர் திஸ் என்கிறார், அடுத்த நொடியே தட் என்கிறார். பேனா நகரவே இல்லை. அப்படியானால் மாறியது எது?

உளவியலாளர் கென்னி கோவென்ட்ரியும் அவருடைய குழுவினரும் 2008-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல விடை தருகிறது. நீளமான மேசையின் ஒரு முனையில் ஒருவரை உட்கார வைத்தார்கள். அவரிடமிருந்து வரிசையாக விலகிச் செல்லும்படி மேசைமீது வண்ணப் புள்ளிகள். ஏதாவது ஒரு புள்ளியின்மேல் சிவப்பு முக்கோணம் போன்ற ஒரு வடிவத்தை வைப்பார்கள். அவர் அதைச் சுட்டிக்காட்டி, முன்னால் திஸ் அல்லது தட் சேர்த்து அதன் பெயரைச் சொல்ல வேண்டும். எது எங்கே இருந்தது என்று நினைவில் வைத்திருக்கும் சோதனை என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் சொல்லைப் பற்றி யோசிக்காமல், வாயில் வந்ததைச் சொன்னார். ஆய்வாளர்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

கை எட்டும் பரப்புக்குள் திஸ் மிகுதியாக வந்தது. அதைத் தாண்டியதும் தட் மேலோங்கியது. கையில் ஒரு குச்சியைக் கொடுத்து அதனால் சுட்டச் சொன்னபோது திஸ்ஸின் எல்லையும் சேர்ந்து நீண்டது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தானே மேசையில் வைத்த பொருளைத் திஸ் என்று சொல்வதும் கூடியது. பொருள் தனக்குச் சொந்தமானதா, பழகியதா, கண்ணுக்குத் தெரிகிறதா என்பவையும் சொல்லைத் தீர்மானிக்கின்றன என்று 2014-ல் வந்த அடுத்த ஆய்வு காட்டியது.

ஆக, அளவுகோல் அடியோ மீட்டரோ அல்ல. இது என் பிடிக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி. உங்கள் கையில் இருக்கும் பேனாவைக் காட்டி 'திஸ் இஸ் மை பென்' என்பீர்கள். எதிரில் இருப்பவர் அதை வாங்கிக்கொண்டால், அவரிடம் 'தட் இஸ் மை பென்' என்பதுதான் இயல்பாக வரும். பேனா இன்னும் உங்களுடையதுதான், பிடி மட்டும் கைமாறிவிட்டது.

ஜெர்மன் அறிஞர் கார்ல் பூலர் 1934-லேயே இதற்கான அடிப்படையை வகுத்திருந்தார். சுட்டுச் சொற்கள் எல்லாம் பேசுபவரின் 'நான், இங்கே, இப்போது' என்ற ஒரு புள்ளியிலிருந்து கிளம்புகின்றன என்றார் அவர். அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டால் பொருள்களைத் தாண்டிய பயன்பாடுகளும் விளங்கிவிடும். இன்று காலை 'திஸ் மார்னிங்'. எப்போதோ கடந்துபோன நாள் 'தட் டே'. நான் சொல்லப்போவது இன்னும் என் வசம் இருக்கிறது, ஆகவே 'லிஸன் டு திஸ்'. நீங்கள் சொல்லி முடித்தது உங்கள் வசத்தது, ஆகவே 'தட்ஸ் ரைட்'. நாமும் "இதைக் கேள்" என்று தொடங்கி, மற்றவர் பேச்சுக்கு "அது சரி" என்றுதானே தலையாட்டுகிறோம்! தொலைபேசியில் தன் பெயரைச் சொல்பவர் 'திஸ் இஸ்' என்று தொடங்குவதும் இதே கணக்கில்தான். மறுமுனையில் இருப்பவரைப் பிரிட்டனில் 'இஸ் தட்' என்று கேட்பார்கள்; அமெரிக்காவில் அங்கும் திஸ்தான்.

தமிழருக்கு இதில் பாதி வேலை முன்பே முடிந்துவிட்டது. உலகின் 234 மொழிகளை ஒப்பிட்ட மொழியியலாளர் ஹோல்கர் டீசல், அவற்றில் 127 மொழிகள் சுட்டுத் தூரத்தை இரண்டாகவும் 88 மொழிகள் மூன்றாகவும் பிரிப்பதாகக் கணக்கிட்டார். "அ இ உ அம்மூன்றும் சுட்டு" என்கிறது தொல்காப்பியம். உகரச் சுட்டு இன்று யாழ்ப்பாணப் பேச்சில் 'உது', 'உவன்' என்று வாழ்கிறது. மற்றவர்களுக்கு எஞ்சியவை இகரமும் அகரமும். ஆங்கிலத்திலும் 'யான்' (yon) என்ற மூன்றாவது சுட்டு இருந்து, பொது வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. எனவே இது, அது என்ற நம் ஜோடி திஸ், தட் ஜோடியோடு ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. பொருந்தாத இடங்களில்தான் பிழை வருகிறது.

அவற்றில் பெரியது எண்ணிக்கை. 'இந்தப் புத்தகம்', 'இந்தப் புத்தகங்கள்' இரண்டிலும் நமக்கு 'இந்த' மாறுவதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் 'திஸ் புக்ஸ்' என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் பன்மையானால் சுட்டும் கூடவே மாறியாக வேண்டும்: திஸ் தீஸ் ஆகும், தட் தோஸ் ஆகும். பேசுபவர் பெயரைச் சொல்வதற்கு முன்பே எண்ணிக்கையை முடிவு செய்தாக வேண்டும் என்பதுதான் இதில் சிரமம். நம் கண்ணுக்குப் பலவாகத் தெரிகிற தகவல்களும் அறைகலன்களும் ஆங்கிலத்தில் ஒருமை: 'திஸ் இன்பர்மேஷன்', 'தட் பர்னிச்சர்'. ஒரே ஒரு கத்தரிக்கோலோ பன்மை: 'தீஸ் சிஸர்ஸ்'. பொருளை எண்ணிப் பயனில்லை, சொல்லைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, 'இது', 'இந்த' என்று நாம் பிரித்து வைத்திருக்கும் இரண்டுக்கும் அங்கே ஒரே உருவம். 'இது என் புத்தகம்' என்பதில் நமக்கு வினைச்சொல் தேவையில்லை. அதே பழக்கத்தில் 'திஸ் மை புக்' என்றால் ஆங்கிலக் காதுக்கு வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். இடையில் வரும் 'இஸ்'தான் திஸ் இங்கே தனித்து நிற்கும் சுட்டுப்பெயர் என்று காட்டுகிறது.

ஆட்களைக் குறிப்பதில் கூடுதல் கவனம் வேண்டும். நமக்கு இவன், இவள், இவர் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'திஸ் இஸ் மை சிஸ்டர்' என்று அறிமுகம் செய்யலாம், அதோடு சரி. அடுத்த வாக்கியத்திலேயே 'ஷீ' வந்துவிட வேண்டும். 'ஐ ஆஸ்க்ட் திஸ்' என்றால் இவரைக் கேட்டேன் என்று யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள், இதைக் கேட்டேன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நம் 'அது' ஆங்கிலத்தில் 'தட்', 'இட்' என்று இரண்டாகப் பிரிந்துவிடுவதும் கற்பவர்களைத் தடுமாற வைக்கிறது. 'வாட் இஸ் திஸ்?' என்று கேட்டால் 'இட்ஸ் எ கீ' என்பது பதில். ஒன்றை முதன்முதலாகக் கவனத்துக்கு இழுத்து வருவது சுட்டின் வேலை. இருவர் கவனமும் அதன்மேல் பதிந்த பிறகு மீண்டும் சுட்டத் தேவையில்லை. எடை இல்லாத 'இட்' போதும். 'திஸ் இஸ் யுவர்ஸ், இஸின்ட் இட்?' என்ற கேள்வியின் வாலில் திஸ் திரும்ப வராததற்கும் அதுவே காரணம். அந்த இடத்தில் விரலை நீட்ட முடியுமா என்று பாருங்கள். நீட்டத் தோன்றினால் தட், தோன்றாவிட்டால் இட்.

உச்சரிப்புக்கு வருவோம். இந்தச் சொற்களின் முதல் ஒலி 'தண்ணீர்' என்பதில் வரும் வல்லின தகரம் அல்ல. 'அது' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள்: நடுவில் இருக்கும் தகரம், நாக்கு பல்லை அழுத்தாமல் காற்றோடு உரசி, மென்மையாக வருகிறதல்லவா? கிட்டத்தட்ட அந்த ஒலியைத்தான் சொல்லின் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். நுனிநாக்கு மேற்பல்லின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். திஸ்ஸுக்கும் தீஸுக்கும் உள்ள குறில் நெடில் வேறுபாடு நமக்குக் கைவந்ததே. கடைசி ஒலிதான் பழக வேண்டியது: தொண்டையில் விரலை வைத்துச் சொன்னால் திஸ்ஸின் முடிவில் அதிர்வு நின்றுவிடும், தீஸின் முடிவில் கடைசிவரை தொடரும்.