காரட்டைக் கேட்கிறீர்கள், கோணத்தையும் கேளுங்கள்

வைரம் தேர்ந்தெடுக்க ஆலோசனை கேட்டு என்னிடம் வருகிறவர்களின் கேள்விகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். எத்தனை காரட்? என்ன நிறம்? லென்ஸில் பார்த்தால் புள்ளி தெரியுமா? கட் எப்படி என்று நான் திருப்பிக் கேட்டால், "ரவுண்டுதான்" என்பார்கள். ரவுண்டு, ஓவல், மார்க்கீஸ் எல்லாம் வடிவங்கள். அந்த வடிவத்துக்குள் பட்டைகள் என்ன கோணத்தில், என்ன அளவில், எவ்வளவு ஒழுங்காக அமர்ந்திருக்கின்றன என்பதுதான் கட். நிறமும் தெளிவும் கல் உருவாகும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. பட்டை தீட்டுபவரின் கையில் இருப்பது கட். கல் ஜொலிக்குமா, மந்தமாகக் கிடக்குமா என்பதும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

இந்தக் கட்டுரை முழுவதும் வட்டக் கல்லை வைத்துத்தான் பேசப்போகிறேன். அதன் உறுப்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே தட்டையாகத் தெரியும் பெரிய முகம் டேபிள். அதைச் சுற்றிச் சரியும் மேல்பகுதி கிரவுன். கல்லின் இடுப்பு கர்டில். அதற்குக் கீழே கூம்பாக இறங்குவது பெவிலியன், கூம்பின் நுனி கியூலெட். மொத்தம் 57 பட்டைகள்; நுனியையும் தேய்த்து ஒரு சிறு முகமாக்கியிருந்தால் 58. வைரத்தோடு வரும் ஆய்வகச் சான்றிதழில் டேபிளுக்கும் ஆழத்துக்கும் போட்டிருக்கும் சதவீதங்கள் கல்லின் விட்டத்தோடு ஒப்பிட்டவை. ஆழம் 61.5 சதவீதம் என்றால், 6.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கல்லின் உயரம் 4 மில்லிமீட்டர் என்று பொருள்.

ஒளி உள்ளே போனால் என்ன ஆகிறது?

வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. அதனால், உள்ளே நுழைந்த ஒளி ஒரு பட்டையில் மோதும்போது, அந்தப் பட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால், வெளியேற முடியாமல் முழுவதும் உள்ளேயே எதிரொளிக்கும். அதற்குக் குறைவாக இருந்தால் பெரும்பகுதி அந்தப் பட்டை வழியாகவே கசிந்துவிடும். நல்ல கல்லில் டேபிள் வழியாக இறங்கும் கதிர் பெவிலியனில் ஒருமுறை மோதி, எதிர்ப்பக்கப் பெவிலியனில் இன்னொரு முறை மோதி, மேல்நோக்கித் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது.

இதில் பெவிலியன் கோணம், அதாவது கர்டிலின் கிடைத்தளத்திலிருந்து அடிப்பட்டைகள் சாயும் அளவு, எவ்வளவு கறாரானது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே காட்டலாம். நேர் செங்குத்தாக இறங்கும் கதிரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எதிரொளிப்புகளுக்குப் பிறகு அது திரும்பி வரும் திசை, பெவிலியன் கோணம் ஒரு டிகிரி மாறினால் நான்கு டிகிரி மாறிவிடும். அது டேபிள் வழியாக வெளியேறும்போது விலகல் இன்னும் பெருகும். பெவிலியன் 40.75 டிகிரி என்றால் கதிர் சுமார் 45 டிகிரி சாய்வில் வெளியே வரும். 43 டிகிரி என்றால் சுமார் 20 டிகிரி சாய்வில். 45 டிகிரி என்றால் வந்த வழியே நேராகத் திரும்பும்.

இதைத் தலைகீழாகப் படியுங்கள். கல்லை நேராகக் குனிந்து பார்க்கும்போது அது எந்தத் திசையிலிருந்து ஒளியை வாங்கி உங்கள் கண்ணுக்குத் தருகிறது? 45 டிகிரி சாய்வில் பெரும்பாலும் விளக்கோ சன்னலோ வெளிச்சமான சுவரோ இருக்கும். நேர் எதிரே இருப்பது உங்கள் தலை. பெவிலியன் அளவுக்கு மீறிச் செங்குத்தாக இருக்கும் கல், பார்ப்பவரின் தலை நிழலையே நடுவில் திருப்பிக் காட்டுகிறது. டேபிளின் கீழே ஒரு கருவட்டம் உட்கார்ந்துவிடும். தொழிலில் இதை நெயில்ஹெட் என்கிறோம். நேர்மாறாகப் பெவிலியன் மிகவும் தட்டையாக இருந்தால், கர்டிலின் பிம்பம் டேபிளுக்குள் சாம்பல் நிற வளையமாகத் தெரியும். அது ஃபிஷ்ஐ. கல்லைச் சற்றுச் சாய்த்தாலே வளையம் தலைகாட்டினால், அந்தக் கல் எல்லையில் நிற்கிறது என்று கொள்ளலாம்.

கிரவுன் இதைவிடப் பொறுமையானது. ஒரு டிகிரி முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கல்லின் வண்ணச் சிதறலுக்கு, சாய்க்கும்போது சிவப்பும் நீலமும் தெறிக்கிறதே அதற்கு, கிரவுனின் உயரம் முக்கியம். டேபிள் அகலமாகி கிரவுன் தட்டையானால் வெள்ளை ஒளி மிஞ்சும், வண்ணம் குறையும். சிலருக்கு அந்தப் பளீர் வெண்மை பிடிக்கிறது. அதைக் குறை என்று நான் சொல்வதில்லை.

1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் இந்தக் கணக்கைப் போட்டு அச்சிட்டார். வைரம் பட்டை தீட்டும் குடும்பத்தில் பிறந்து பொறியியல் படித்தவர். அவர் கண்ட அளவுகள்: டேபிள் 53 சதவீதம், கிரவுன் 34.5 டிகிரி, பெவிலியன் 40.75 டிகிரி. கல்லை ஒரு குறுக்குவெட்டாக, இரு பரிமாணத்தில் வைத்துத்தான் அவர் கணக்கிட்டார். ஆனாலும் இன்றைய கணினி முப்பரிமாணத்தில் தேடும்போது இந்த எண்களுக்கு அருகிலேயே சுற்றிவருகிறது. அதற்காக இவற்றை மந்திர எண்களாகக் கொண்டாட வேண்டியதில்லை. இவற்றைச் சுற்றி நல்ல கற்களுக்கு இடம் நிறைய இருக்கிறது.

எடைக்கு விலை, ஒளிக்கு இழப்பு

இவ்வளவு தெரிந்தும் ஏன் மோசமான கட் சந்தைக்கு வருகிறது? பட்டை தீட்டுபவருக்குத் தெரியாததால் அன்று. வைரத்துக்கு எடையை வைத்து விலை. அரை காரட், முக்கால் காரட், ஒரு காரட் என்ற படிகளில் அந்த விலை தாவுகிறது. ஒரு கல்லைச் சரியான அளவில் தீட்டினால் 92 சென்ட் (காரட்டில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வரும், அடியைக் கொஞ்சம் ஆழமாக விட்டுக் கர்டிலைத் தடிப்பாக வைத்தால் முழு ஒரு காரட் வரும் என்றால், தீட்டுபவர் எந்தப் பக்கம் சாய்வார்? எண்பது, தொண்ணூறு சென்ட்டுகளில் அழகான கற்கள் கிடைப்பதற்கும், சரியாக 1.00 என்று நிற்கும் கற்களை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கும் காரணம் இதுதான்.

விட்டத்தைப் பாருங்கள். நன்றாகத் தீட்டிய ஒரு காரட் வட்டக் கல் ஏறக்குறைய 6.4 முதல் 6.5 மில்லிமீட்டர் இருக்கும். எடையை அடியில் ஒளித்த ஒரு காரட் கல் 6.2-க்கு இறங்கிவிடும். மேலிருந்து தெரியும் பரப்பில் இது சுமார் 9 சதவீத இழப்பு. முன்னே சொன்ன 92 சென்ட் கல்லை நேர்த்தியாகத் தீட்டினால் அதன் விட்டமும் ஏறத்தாழ 6.2-க்குச் சற்று மேலே வந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எடை குறைந்த கல்தான் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் அதன் விளிம்பு வரை ஒளி இருக்கிறது. ஆழக் கல்லின் விளிம்பு இருண்டு கிடக்கும். கண் அந்த இருட்டைக் கல்லின் பகுதியாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு காரட்டுக்குப் பணம் கொடுத்து அதன் ஒரு பங்கை மோதிரத்தின் பிடிக்குள் புதைத்து வைக்கிறோம்.

எடையை விட்டுக்கொடுத்து ஒளியை வாங்கிய கல்லுக்குப் பெரிய உதாரணம் கோஹினூர். 1851-இல் லண்டன் கண்காட்சியில் அதைப் பார்க்கத் திரண்ட கூட்டம், அது மின்னவே இல்லையென்று ஏமாந்து போனது. அடுத்த ஆண்டு அதை மறுபடி தீட்டினார்கள். எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய், 105.6 காரட் மிஞ்சியது. அது சரியான முடிவா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். பழைய வடிவத்துக்கென்று ஒரு வரலாறு இருந்தது என்பவர்களோடு எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் கையில் அணியப்போகும் கல்லுக்கு அந்த வாதம் பொருந்தாது.

சான்றிதழில் எக்ஸலண்ட் என்று இருந்தால் போதுமா?

பெரும்பாலானவர்கள் இங்கே நின்றுவிடுகிறார்கள். கட், பாலிஷ் (பட்டைகளின் மெருகு), சிமெட்ரி (பட்டைகளின் சமச்சீர்) மூன்றும் எக்ஸலண்ட் என்றால் "ட்ரிபிள் எக்ஸ்" என்று கடைக்காரர் சொல்வார், பேச்சு முடிந்துவிடும். வைரங்களுக்குத் தரச் சான்றிதழ் தரும் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. 2006-இல் வட்டக் கற்களுக்குக் கட் தரம் கொடுக்கத் தொடங்கியது. எக்ஸலண்ட் முதல் புவர் வரை ஐந்து படிகள். கீழ்ப்படிகளைத் தவிர்க்க அது மிகவும் உதவுகிறது. ஆனால் மேல்படி அகலமானது. பெவிலியன் 40.6 முதல் 41.8 வரை, கிரவுன் 31.5 முதல் 36.5 வரை, டேபிள் 52 முதல் 62 வரை அதற்குள் இடம் உண்டு. ஒரே பெயரில் இருக்கும் இரண்டு கற்கள் நேரில் வேறு வேறாகத் தெரிவது இதனால்தான்.

நான் சான்றிதழைத் திறந்ததும் பார்ப்பது கிரவுன் கோணத்தையும் பெவிலியன் கோணத்தையும் சேர்த்து. ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும். 34.5-உடன் 40.8 நன்று. கிரவுன் 36-க்குப் போனால் பெவிலியன் 40.6-இல் இருப்பது நல்லது. கிரவுன் 33 என்றால் பெவிலியன் 41.2 பொருந்தும். இரண்டும் ஒரே பக்கம் ஏறியிருக்கும் கல், 36-உடன் 41.4 என்பதுபோல, டேபிளின் ஓரத்துக்குக் கீழே வளையமாக ஒளியைக் கசியவிடும் என்று எதிர்பார்க்கலாம். அப்படிப்பட்ட கற்களின் மொத்த ஆழம் 63 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பதையும் கவனித்திருக்கிறேன்.

இன்னொன்று: அந்தக் கோணங்கள் சராசரிகள். எட்டுப் பட்டைகளை அளந்து, சராசரி எடுத்து, கிரவுனை அரை டிகிரிக்கும் பெவிலியனை 0.2 டிகிரிக்கும் முழுமையாக்கி அச்சிடுகிறார்கள். 41.0 என்று எழுதியிருக்கும் கல்லில் ஒரு பட்டை 40.6-ஆகவும் எதிரே இருப்பது 41.4-ஆகவும் இருக்கலாம். சிமெட்ரி எக்ஸலண்ட் என்பதும் இதை முழுவதும் பிடித்துவிடாது. விலை உயர்ந்த கல் என்றால் விற்பவரிடம் முப்பரிமாண ஸ்கேன் அறிக்கை கேளுங்கள். பலரிடம் இருக்கும், கேட்காமல் தருவதில்லை.

கர்டிலைப் பற்றிச் சுருக்கமாக: மிக மெல்லியது என்றால் பதிக்கும்போதே சிதறும் அபாயம், மிகத் தடித்தது என்றால் வீண் எடை.

எண்கள் கழிப்பதற்குத்தான் உதவும். பத்துக் கற்களில் ஆறேழை அவற்றால் தள்ளிவிடலாம். மிஞ்சியதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதுவும் கடை விளக்குக்கு அடியில் பார்க்கக் கூடாது. நகைக்கடையின் குவி விளக்குகள் எந்தக் கல்லையும் தெறிக்கவிடும். சன்னலோரம் போங்கள், நேர்வெயில் வேண்டாம். கல்லை முகத்திலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் பிடியுங்கள். மிக அருகில் கொண்டுபோனால் நல்ல கல்லும் உங்கள் தலை நிழலால் கறுக்கும். மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பும் வெளுப்பும் இடம் மாறி மாறி வந்தால் நல்லது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே இடம் மந்தமாகவே இருந்தால் ஒளி அங்கே தப்பிக்கிறது. ஐடியல்ஸ்கோப் என்ற சிறு கருவி இருந்தால் வேலை இன்னும் எளிது: திரும்பும் ஒளி சிவப்பாகவும், கசியும் இடம் வெளுப்பாகவும், பார்ப்பவரின் நிழல் கறுப்பாகவும் தெரியும்.

பட்ஜெட் இடிக்கும்போது எதை விடுவது என்று கேட்கிறார்கள். நிறத்தில் ஒரு படி இறங்குங்கள், வெறும் கண்ணுக்குத் தெரியாத புள்ளி என்றால் தெளிவிலும் இறங்குங்கள். ஒளியை நன்றாகத் திருப்பும் கல் தன் மெல்லிய மஞ்சளை மேலிருந்து பார்க்கும்போது மறைத்துவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் இதே கோணங்கள், இதே கணக்கு, பொருள் ஒன்றுதான். அங்கே தீட்டாத கல் மலிவு என்பதால் எடையை ஒளித்து வைக்கும் அவசியமும் குறைவு. எனவே அதில் சுமாரான கட் உள்ள கல்லை ஏற்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஓவல், பியர், மார்க்கீஸ் வாங்குபவர்கள் எண்களை நம்பி இருக்க முடியாது. ஜி.ஐ.ஏ.வின் வழக்கமான தர அறிக்கை இவற்றுக்குக் கட் தரம் தருவதில்லை. நடுவில் குறுக்கே ஒரு கறுப்பு பட்டாம்பூச்சி தெரியும், அதை போ-டை (bow-tie) என்பார்கள். கொஞ்சமாவது எல்லாக் கல்லிலும் இருக்கும். சாய்த்தால் அது மறைகிறதா என்பதுதான் கேள்வி.

கடைசியாக, நல்ல கட் உள்ள கல்லை வாங்கிச் சில மாதங்களில் "மங்கிவிட்டது" என்று கொண்டுவருகிறவர்களுக்கு. வைரத்துக்கு எண்ணெய்ப் பசை பிடிக்கும். சோப்பு, கிரீம், கை எண்ணெய் எல்லாம் பெவிலியனின் வெளிப்புறம் படியும். அப்போது பட்டைக்கு அந்தப் பக்கம் இருப்பது காற்று அன்று, எண்ணெய். ஒளி கசியும் எல்லை 24 டிகிரியிலிருந்து சுமார் 38 டிகிரிக்கு ஏறிவிடுகிறது; கோணங்களுக்காகக் கொடுத்த பணம் அந்த மெல்லிய படலத்தில் போகிறது. வெதுவெதுப்பான நீரில் மென்மையான பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டு, நகையை ஊறவைத்து, மிருதுவான பிரஷ்ஷால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். மேல்முகத்தை மட்டும் துடைத்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.