பட்டா ஒருவர் பெயரில், பாடு இன்னொருவருக்கு

தஞ்சை, திருவாரூர் பக்கம் நில வழக்குகளை நடத்தி வருகிறேன். குத்தகை விவசாயிகள் அதிகம் கேட்கும் கேள்வி இது: "ஐயா, உழுவது நான், அரசுப் பணம் மட்டும் ஏன் நிலத்துக்காரருக்குப் போகிறது?"

மத்திய அரசின் பிஎம் கிசான் உதவித் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய். 1.2.2019 அன்று நில ஆவணத்தில் பெயர் இருந்தவர்களுக்குத்தான் அது. வெளியூரில் இருந்துகொண்டு, அறுவடை முடிந்ததும் ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை என்று வாங்கிப் போகிறவர், வருமான வரி கட்டாதவராக இருந்தால், அரசுக் கணக்கில் விவசாயி. சேற்றில் நிற்பவருக்கு அதில் இடமில்லை. 2021இல் தமிழக அரசு 16.43 லட்சம் பேரின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. நல்ல முடிவுதான். ஆனால் சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (சாகுபடிப் பதிவு) காட்ட முடியாமல் சங்கத்தில் கடன் கிடைக்காதவர், வீட்டு நகையை அடகு வைத்துத்தான் சம்பா நட்டிருப்பார். அந்த வட்டி அவர் தலையிலேயே நின்றது.

பட்டாப் பட்டியல் அரசின் கையில் தயாராக இருக்கிறது. தேர்தல் நெருங்கும்போது வேகமாகப் பணம் போட அது வசதி. குத்தகைக்காரரைக் கணக்கெடுக்கப் போனால் நிலம் வைத்திருப்பவர்களைப் பகைக்க வேண்டும். ஊரில் செல்வாக்கும் கட்சிப் பொறுப்பும் பெரும்பாலும் அவர்களிடம்தான். மனம் வைத்தால் முடியும். ஆந்திராவில் 2019இல் வந்த ரைத்து பரோசா என்ற விவசாயி உதவித் திட்டம், நிலமற்ற எஸ்சி, எஸ்டி, பிசி, சிறுபான்மைக் குத்தகை விவசாயிகளையும் சேர்த்துக்கொண்டது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டம், சொந்த உழைப்பில் பயிர் செய்யும் குத்தகைதாரரை இஷ்டத்துக்கு வெளியேற்ற விடாது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயரைச் சேர்க்கலாம். சிக்கலே அங்குதான். பதிந்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று உரிமையாளர் பயப்படுகிறார். வாய்ப்பேச்சாகவே குத்தகைக்கு விடுகிறார், ரசீதும் தருவதில்லை. மனு போட்டால் அடுத்த போகத்துக்கு வயல் கிடைக்காதே என்று குத்தகைக்காரரும் வாய் திறப்பதில்லை. காப்பாற்ற வந்த சட்டமே பெயரை மறைக்கக் காரணமாகிவிட்டது. பதிந்தாலும் உரிமை உரிமையாளருக்கே என்று அரசு ஊர் ஊராக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதுவரை, நெல்லாகக் கொடுத்தாலும் பணமாகக் கொடுத்தாலும் குத்தகைக்கு ரசீது கேளுங்கள். குத்தகையை உரிமையாளர் வாங்க மறுத்தால் வருவாய் நீதிமன்றத்தில் கட்டலாம். அந்தச் சீட்டே சாட்சி. பயிர்க் காப்பீட்டில் குத்தகை விவசாயியும் சேரலாம். அடங்கலில் உங்கள் சாகுபடி ஏறியிருக்கிறதா என்று விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலரிடம்) நட்ட உடனேயே பாருங்கள். வெள்ளம் வந்த பிறகு ஓடினால் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். கிசான் கடன் அட்டையும் வாய்மொழிக் குத்தகைக்காரருக்கு உண்டு. வங்கிக் கிளையில் மறுத்தால், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.