40 பின்களுக்குள் ஒரு நுண்செயலி

இன்டெலின் 8085 நுண்செயலியின் பின் (pin, சிப்பிலிருந்து வெளியே நீளும் உலோகக் கால்) படத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அதில் ஏடி0 முதல் ஏடி7 வரையுள்ள எட்டுப் பின்களில் முகவரியும் போகும், தரவும் போகும். ஏன் இப்படி என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. விடை, அதற்கு முந்தைய 8080-இல் இருக்கிறது.

1974-இல் இன்டெல் வெளியிட்ட 8080-க்கு 40 பின்கள். எண்ணிப் பாருங்கள். முகவரிக்கு 16, தரவுக்கு 8. +5, +12, −5 வோல்ட், கிரவுண்ட் என மின்சாரத்துக்கு 4. கடிகாரத்துக்கு 2. முப்பது போயாயிற்று! ரீசெட், இன்டரப்ட், ஹோல்டு, ரெடி போன்ற கட்டுப்பாட்டுச் சிக்னல்கள் எல்லாம் மீதிப் பத்தில் அடங்க வேண்டும். நடப்பது நினைவகத்தோடா, உள்ளீட்டு வெளியீட்டுச் சாதனத்தோடா என்று சொல்லத் தனிப் பின்னுக்கு இடமில்லை. அதனால் ஒவ்வொரு சுழற்சியின் (ஒருமுறை படிக்கவோ எழுதவோ ஆகும் நேரம்) தொடக்கத்திலும் அந்தத் தகவலைத் தரவுக் கம்பிகளிலேயே அனுப்பினார்கள். அதைப் பிடித்துப் பிரித்துத் தர 8228, கடிகாரத்துக்கு 8224 என்று கூடவே இரண்டு சிப்கள் தேவைப்பட்டன.

1976-இல் வந்த 8085-க்கு +5 வோல்ட் மட்டும் போதும். கடிகாரச் சுற்றும் உள்ளேயே இருந்தது. வெளியே ஒரு கிரிஸ்டலை மாட்டினால் சரி. சுழற்சியின் முதல் துடிப்பில் முகவரியின் கீழ்ப்பாதி ஏடி கம்பிகளில் வரும், கம்பியில் இருப்பது முகவரி என்று சொல்லும் ஏ.எல்.இ. (Address Latch Enable) சிக்னல் உயரும். ஏ.எல்.இ. இறங்கும்போது வெளியே உள்ள லாட்ச் (மதிப்பைப் பிடித்து வைக்கும் சிப்) அந்த முகவரியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதே கம்பிகள் தரவுக்கு. எட்டுப் பின் மிச்சம், செலவு ஏ.எல்.இ.க்கான ஒன்றே ஒன்று. டிராப், ஆர்எஸ்டி 7.5, 6.5, 5.5 என்ற இன்டரப்ட் பின்கள், சீரியல் உள்ளீடு, வெளியீடு எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்தது இப்படித்தான். நினைவகமா சாதனமா என்று சொல்லவும் தனிப் பின் வந்துவிட்டது.

அப்புறம், பின் படத்தில் ஆர்டி (படி), டபிள்யூஆர் (எழுது) என்ற சிக்னல் பெயர்களின் தலைமேல் போடும் அந்தக் கோடு. கீழ்நிலையில்தான் (குறைந்த மின்னழுத்தத்தில்) அவை செயல்படும் என்று அர்த்தம். அந்தக் காலத்து டிடிஎல் (ஒரு வகை லாஜிக் சிப்) வெளியீடு கீழ்நிலையில் 16 மில்லி ஆம்பியர் வரை உள்ளிழுக்கும். மேல்நிலையில் தருவதோ 0.4 தான். வேலை வாங்க வேண்டிய சிக்னலைப் பலமான பக்கத்தில் வைப்பதுதானே நியாயம்? இன்னொன்றும் உண்டு. ஹோல்டின்போது, அதாவது வேறொரு சாதனம் கம்பிகளைக் கேட்டு வாங்கும்போது, செயலி இந்தக் கம்பிகளைக் கைவிட்டுவிடும். அப்போது +5 வோல்ட்டோடு இணைத்த ஒரு புல்-அப் ரெசிஸ்டர் அவற்றை மேல்நிலையில் நிறுத்தும். நினைவகத்தில் தப்பாக எதுவும் எழுதப்படாது. இதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

1978-இல் 8086-க்கு 20 பிட் முகவரி, 16 பிட் தரவு. பின்கள் அதே 40 தான்! அதனால் 33-ஆம் பின்னைக் கிரவுண்டில் இணைத்தால் 24 முதல் 31 வரையுள்ள எட்டுப் பின்களின் வேலையே மாறிவிடும்படி செய்தார்கள். அந்த நிலையில் ஏ.எல்.இ.கூட 8288 என்ற தனிச் சிப்பிலிருந்துதான் வரும்.