கால்வாசி அளந்து முழுப் படம்

முட்டிவலிக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போகும் நம் வீட்டு மூத்தோருக்குப் பெரிய கஷ்டம், அந்தக் குழாய்க்குள் ஆடாமல் அசையாமல் படுத்திருப்பதுதான். கால் கொஞ்சம் நகர்ந்தாலும் படம் கலங்கிவிடும். மறுபடி எடுக்க வேண்டும். 2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராக இருப்பார் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. ஸ்கேன் நேரத்தைக் குறைப்பது இங்கே சின்ன விஷயமில்லை.

ஏன் இவ்வளவு நேரம்? உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலையால் தூண்டி, அவை திருப்பித் தரும் சமிக்ஞையை இயந்திரம் வரிவரியாகப் பதிவு செய்கிறது. எளிய முறையில் ஒரு தூண்டலுக்கு ஒரு வரிதான். 256 வரிக்குத் தலா அரை விநாடி என்றால் 2 நிமிடத்துக்கு மேல் ஓடிவிடும். ஒரு முட்டிக்கே இப்படிப் பல முறை எடுப்பார்கள்.

இந்த வரிகள் சேரும் இடத்துக்குக் கே-ஸ்பேஸ் என்று பெயர். அதன் நடுவரிகளில் படத்தின் மொத்த உருவமும் வெளிச்சமும் இருக்கும். ஓரத்து வரிகளில் நுணுக்கமான விளிம்புகள். ஃபூரியர் கணக்கு, அதாவது அலைகளின் பதிவைப் படமாக மாற்றும் கணிதம் போட்டால்தான் அது படமாகும். சரி, நான்கில் மூன்று வரியை அளக்காமல் விட்டால்? நேரம் கால்வாசியாகும். ஆனால் படம் தன்மேலேயே மடிந்து, ஒரு முட்டிமேல் இன்னொரு முட்டி ஏறியதுபோல் வரும்.

அந்த மடிப்பைப் பிரித்தெடுப்பதுதான் நியூரல் நெட்வொர்க்கின் (பல எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் பழகும் கணினி நிரலின்) வேலை. முழுதாக எடுத்த ஸ்கேன்களிலிருந்து வேண்டுமென்றே வரிகளை நீக்கி, மிச்சத்தை வைத்து முழுப் படத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பழக்குகிறார்கள். நல்ல நெட்வொர்க் ஒரே மூச்சில் படம் வரைந்து தருவதில்லை. கொஞ்சம் திருத்தும், திருத்திய படத்தைத் திரும்பக் கே-ஸ்பேஸுக்குக் கொண்டுபோய், உண்மையில் அளந்த வரிகளோடு ஒத்துப்பார்க்கும். முரண்பட்டால் அளந்த பக்கமே இழுக்கும். அப்புறம் மீண்டும் திருத்தம், மீண்டும் ஒப்பீடு. இந்த முறையின் உயிரே இந்தச் சரிபார்ப்புதான் என்பேன்.

நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவும் ஃபேஸ்புக்கும் 2018இல் தொடங்கிய ஃபாஸ்ட்எம்ஆர்ஐ திட்டம் இதை முட்டியில்தான் முதலில் சோதித்தது. 2020இல் வெளிவந்த ஆய்வில், நான்கு மடங்கு வேகத்துக்கு ஏற்பத் தரவைக் குறைத்து உருவாக்கிய படங்களை வழக்கமான படங்களுக்குப் பதிலாகவே பயன்படுத்தலாம் என்று தெரிந்தது.

ஆனாலும் அளக்காத வரி அளக்காததுதான். அதிகம் விடப்படுவது ஓரத்து வரிகள். மெனிஸ்கஸில் (முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பில்) உள்ள மெல்லிய கிழிசல் தெரிய வேண்டியதும் அங்கேதான். தரவை மிகவும் குறைத்தால், உள்ள கிழிசல் மழுங்கலாம். இல்லாத கோடு முளைக்கவும் செய்யலாம். பழகாத வகை இயந்திரமோ, உலோகம் பொருத்திய முட்டியோ வந்தால் நெட்வொர்க் தடுமாறலாம். படத்தைப் படிக்கும் மருத்துவருக்குச் சந்தேகம் தட்டினால், சந்தேகம் வந்த அந்தப் படத்தை மட்டுமாவது முழு வரிகளோடு எடுக்கச் சொல்வதே நல்லது. சில நிமிடம் கூடினாலும் பரவாயில்லை.