இரவில் மட்டும் பேய் பிடிக்கும் கேமரா

எங்கள் வீட்டு போர்டிகோவில் மாட்டியிருக்கும் கேமரா பகலெல்லாம் சாதுவாக இருக்கும். கேட் தூணில் உள்ள சென்சார் ஆள் நடமாட்டத்தைக் கண்டு சைகை கொடுத்தால், கேட் பக்கம் திரும்பிப் படம் பிடிக்கும். இரவு வந்தால்தான் வினை. நாய் ஒன்று ஓரமாகப் போனாலும் திரும்பத் தொடங்கும். பாதியில் செத்ததுபோல் நிற்கும். பிறகு கடகடவென்று ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுற்றிவிட்டு, எதிர்வீட்டு மாடியைப் பார்த்தபடி நிலைகுத்தி நிற்கும். எதிர்வீட்டுக்காரர் இரண்டு நாள் பொறுத்தார், மூன்றாம் நாள் வந்து கேட்டார். கேமராவை மாட்டிக்கொடுத்தவரோ, “சென்சார் போய்விட்டது சார், புதிதாக வாங்கிவிடுங்கள்” என்றார்.

சென்சார் போகவில்லை. போயிருந்தால் பகலிலும் அல்லவா தகராறு செய்திருக்க வேண்டும்? இப்படிப்பட்ட கேமரா தவறும்போது ‘எது கெட்டது’ என்று தேடுவதைவிட ‘எப்போது தவறுகிறது’ என்று கவனிப்பது வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

இரவில் கேமராவுக்குள் என்ன கூடுகிறது என்று பாருங்கள். லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் சென்சார் சைகை கொடுத்தால் மோட்டாரும் ஓடுகிறது, வைஃபையும் காணொளியை அனுப்பத் தொடங்குகிறது. மூன்றும் சேர்ந்தால் ஒரு ஆம்பியரை நெருங்கும். அடாப்டர் அதைத் தாங்கிவிடும். இடறுவது கேபிள். பெட்டியில் வந்த கேபிள் எட்டவில்லை என்று நான் 5 மீட்டர் கேபிள் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தேன். மலிவான கேபிள்களுக்குள் இருக்கும் செம்புக் கம்பியின் விட்டம் சில சமயம் 0.32 மில்லிமீட்டர்தான். அந்தக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. மின்சாரம் போகவும் வரவும் வேண்டும் என்பதால் 5 மீட்டர் கேபிள் என்றால் 10 மீட்டர் கம்பி, ஆக 2.1 ஓம். ஒரு ஆம்பியர் ஓடினால் 2.1 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். அடாப்டரில் புறப்படுவது 5 வோல்ட். கேமராவுக்குப் போய்ச் சேருவது மூன்றுக்கும் சற்றுக் குறைவு. மயக்கம் போட்டு விழாமல் என்ன செய்யும்?

இதைச் சோதிக்க மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் அடாப்டர் முனையில் அளந்துவிட்டு ‘ஐந்து வோல்ட் சரியாக இருக்கிறதே’ என்று ஏமாறுவார்கள். அளக்க வேண்டியது கேமரா முனையில், அதுவும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது. அப்படி அளந்தாலும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே நீடிக்கும் சரிவைச் சாதாரண மீட்டர் காட்டாமல் விடக்கூடும். கருவியே இல்லாமல் செய்யக்கூடிய சோதனை இதைவிட நம்பகமானது: கைப்பேசிச் செயலியில் இரவுப் பார்வையை, அதாவது அந்த அகச்சிவப்பு விளக்குகளை, அணைத்துவிட்டுச் செயலி வழியாகவே கேமராவைத் திருப்பிப் பாருங்கள். ஒழுங்காகத் திரும்பினால் குற்றவாளி மின்சாரம்தான்.

சரி, மயங்கி எழுந்ததும் அது ஏன் முழுச் சுற்று சுற்ற வேண்டும்? உள்ளே இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு சிறு படி நகரும். பொழுதுபோக்காக மின்னணுக் கருவி செய்பவர்களுக்கான கடைகளில் கிடைக்கும் 28பிஒய்ஜே-48 என்ற சிறு மோட்டார் இந்த இனம்தான். அதன் அச்சு ஒரு சுற்று சுற்றச் சுமார் 2,000 படிகள். மலிவான கேமராக்களில் தலை எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்ல வேறு உறுப்பு கிடையாது. எத்தனை படி நகர்த்தினோம் என்ற கணக்கு மட்டுமே சாட்சி. கண்ணைக் கட்டிக்கொண்டு காலடியை எண்ணி நடப்பவரைப் போல. மின்சாரம் போனால் எண்ணிக்கை மறந்துவிடும். உயிர் வந்ததும் இரு கோடியிலும் போய் முட்டி, ‘சுவர் இங்கே இருக்கிறது’ என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு தொடக்க நிலையில் வந்து நிற்கும். நாங்கள் கேட்ட கடகட சத்தம் தடுப்பில் முட்டிய மோட்டார் வழுக்கும் சத்தம், பல் உடைந்ததல்ல. எங்கள் வீட்டில் தொடக்க நிலை எதிர்வீட்டு மாடி. பேய்க்கதை இவ்வளவுதான்.

இதே எண்ணிக்கைக் கோளாறு மெதுவாகவும் வரும். கேட்டைப் பார்க்க வைத்த கேமரா ஒரு மாதத்தில் மதில் சுவரைப் பார்க்கும். விறைப்பான கேபிள் இழுத்தாலோ, பற்சக்கரத்தில் தூசு சேர்ந்தாலோ, மோட்டார் சில படிகளைத் தவறவிடும்; கணக்கிலோ நகர்ந்ததாகவே பதிவாகும். மேலே சொன்ன மோட்டாரில் 50 படி தவறினால் 9 பாகை விலகல். பத்து மீட்டர் தொலைவில் அது ஒன்றரை மீட்டருக்கும் மேல். ஒருமுறை அணைத்துப் போட்டால் கணக்கு நேராகும். கையால் திருப்புவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். துடைக்கிறேன் பேர்வழி என்று நானே அதைச் செய்திருக்கிறேன்.

வெயில் நேரத்தில் தவறினால் சந்தேகத்தை மோட்டாரிலிருந்து சென்சார் பக்கம் மாற்றலாம். வெள்ளை பிளாஸ்டிக் குமிழ் போட்ட அந்த சென்சார் எதையும் ‘பார்ப்பதில்லை’. நம் உடலிலிருந்து கிளம்பும், சுமார் 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள வெப்பக் கதிரை அது உணர்கிறது. உள்ளே ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்ட இரு தகடுகள். இரண்டிலும் ஒரே அளவு வெப்பம் பட்டால் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும். ஒன்றில் பட்டு மற்றதில் படாதபோதுதான் சைகை. ஆகவே அதற்குத் தேவை வெப்பம் அல்ல, வெப்ப வேறுபாடு.

நம் தோல் சுமார் 34 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் வெயிலேறும் மதில் சுவர் முற்பகலில் ஒரு நேரம் அதே 34 டிகிரியைத் தாண்டிப் போகும். அந்தச் சிறிது நேரம் சுவர் முன் நடக்கும் மனிதர் சென்சாருக்கு ஏறக்குறைய இல்லாதவர். சுவர் மேலும் சூடானால் மீண்டும் தெரிவார், சுவரைவிடக் குளிர்ந்த உருவமாக. பொழுது சாய்ந்து சுவர் ஆறும்போது இன்னொரு முறை மறைவார். சென்சாரை நிழலான பின்புலத்தை நோக்கித் திருப்புவதே இதற்கு வைத்தியம். ஏசியின் வெளிப்பெட்டி அதன் பார்வையில் பட்டால் நிலைமை தலைகீழ்: ஆளே இல்லாமல் சைகை வரும்.

பல்லி, சிலந்தி, விட்டில் ஆகியவற்றுக்காக சென்சாரைத் திட்டுவது அநியாயம். அவற்றின் உடல் சுற்றுப்புற வெப்பத்திலேயே இருப்பதால் வெப்ப சென்சாருக்கு அநேகமாகத் தெரியாது. அவற்றில் மயங்குவது, படத்துக்குப் படம் மாற்றத்தை ஒப்பிடும் மென்பொருள். லென்ஸுக்கு அருகே ஆடும் ஒற்றை ஒட்டடை இழை, அகச்சிவப்பு விளக்கில் வெள்ளைக் கயிறுபோல் பளீரெனத் தெரியும். அதற்குத் துடைப்பம் போதும்.

தடித்த கம்பியுள்ள, 2 மீட்டர் கேபிளாக மாற்றிப் போட்டு, அடாப்டரையும் கேமரா அருகில் உள்ள பிளக்குக்குக் கொண்டுவந்தபின் இரவு ஆட்டம் நின்றது. பிறகும் ஒரு குறை இருந்தது. விடியற்காலை பால்காரர் கேட்டுக்கு எதிரே உள்ள சந்திலிருந்து நேராக நடந்து வருவார். அவர் பாலை வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் கேமரா அசையும். சென்சாரின் குமிழ் அதன் பார்வையை விசிறிபோல் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. குறுக்கே போகிறவர் பட்டைக்குப் பட்டை தாண்டுவதால் உடனே தெரிவார். நேராக வருகிறவர் ஒரே பட்டைக்குள் நடந்து வருவதால் தாமதமாகத்தான் தெரிவார். சென்சாரைக் கழற்றிப் பக்கச் சுவரில் அடித்தேன். இப்போது அவர் சந்திலிருந்து வெளியே வரும்போதே கேமரா திரும்பிவிடுகிறது. அவரும் நிமிர்ந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பாக்கெட்டை வைக்கிறார்.