ரசம் போன கண்ணாடி: வாங்குமுன் அதன் முதுகைப் பாருங்கள்

முகம் தெளிவாகத் தெரியாத கண்ணாடியை "ரசம் போன கண்ணாடி" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். இந்த ரசம் பாதரசம்தான். இன்று கடையில் வாங்கும் கண்ணாடியில் பாதரசம் ஒரு துளியும் இல்லை. ஆனாலும் அது இருந்த காலத்துச் சொல் நம் நாவில் தங்கிவிட்டது. பழைய அலங்காரக் கண்ணாடி ஒன்றை வீட்டில் மாட்ட விரும்புகிறவர், அந்தச் சொல் எந்தக் கண்ணாடியில் வெறும் வழக்கு, எந்தக் கண்ணாடியில் இன்னும் உண்மை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் பழைய தளபாடங்களையும் கண்ணாடிச் சட்டங்களையும் பழுதுபார்த்து வரும் எனக்கு, இதை அறியாமல் நேர்ந்த சங்கடங்களைப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வட்டுக்கோட்டைப் பக்கத்து நாற்சார் வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். விறாந்தைச் சுவரில் தேக்குச் சட்டமிட்ட மூன்றடி உயரக் கண்ணாடி ஒன்று தொங்கியது. "தம்பி, இது எங்கட அப்பப்பா மலாயாவால கொண்டு வந்தது. கீழ் மூலையில வெள்ளி முத்து மாதிரி ஏதோ உருளுது, பேரன் எடுத்து விளையாடுறான்" என்றார் அந்த வீட்டு அம்மா. சிரட்டை ஒன்றில் அந்த முத்துக்கள் பத்திரமாகச் சேர்த்தும் வைக்கப்பட்டிருந்தன. அவை பாதரசத் துளிகள். பிள்ளையை வைத்தியரிடம் காட்டும்படி சொல்லிவிட்டு, யன்னல்களையெல்லாம் திறக்கச் செய்த பின்னர்தான் கண்ணாடியில் கைவைத்தேன்.

வெனிஸ் நகரத்துக் கைவினைஞர்கள் 16 ஆம் நூற்றாண்டில் மேம்படுத்திய முறையில், மெல்லிய வெள்ளீயத் தகட்டை விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடியை அதன்மீது சறுக்கி வைத்து, பாரமேற்றிப் பல நாட்கள் விட்டுவைப்பார்கள். மிகுதிப் பாதரசம் வடிந்ததும் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த கலவை கண்ணாடியின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். 1835 இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் யுஸ்டஸ் வொன் லீபிக் கண்ணாடியில் வெள்ளியைப் படியச் செய்யும் இரசாயன வழியைக் கண்டறிந்தார். எனினும் வெள்ளி உடனே பாதரசத்தின் இடத்தைப் பிடித்துவிடவில்லை. 19 ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இரண்டும் அருகருகே இருந்தன. ஆகவே 1850 க்கு முந்திய கண்ணாடி என்றால் பெரும்பாலும் பாதரசப் பூச்சு என்றும், 1900 க்குப் பிந்தியது என்றால் பெரும்பாலும் வெள்ளிப் பூச்சு என்றும் கொள்ளலாம். வட்டுக்கோட்டைக் கண்ணாடி மலாயாவிலிருந்து வந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்பப்பா அதை வாங்கியபோதே அது பழையதாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டையும் பிரித்தறியச் சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி, ரோச் வெளிச்சத்தில் முதுகைப் பார்க்க வேண்டும். வெள்ளிப் பூச்சின் மேல் பாதுகாப்புக்காகப் பெயின்ற் பூசியிருப்பார்கள். பாதரசப் பூச்சோ எந்த மேற்பூச்சும் இல்லாமல், மங்கிய ஈய நிறத்தில், உலோகமாகவே தெரியும். முன்பக்கத்திலும் வேறுபாடு உண்டு: பாதரசக் கண்ணாடியில் விம்பம் சற்று நீலச் சாம்பலாகவும், பழுதுபட்ட இடங்கள் பொடிப்பொடியாய் மின்னும் மணல் போலவும் இருக்கும், வெள்ளிக் கண்ணாடியில் விம்பம் இளமஞ்சள் சாயலோடும், பழுது கபில நிற, கறுப்புத் திட்டுகளாகவும் வரும். விற்பவர் பின்பலகையைக் கழற்ற மறுத்தால், அந்தக் கண்ணாடியை அவரிடமே விட்டுவிட்டு வருவதுதான் என் வழக்கம்.

பாதரசக் கண்ணாடி வீட்டில் இருந்தாலே ஆபத்து என்று பயமுறுத்துவது என் நோக்கமன்று. பூச்சு உறுதியாக இருந்து, துளி எதுவும் கீழிறங்காத கண்ணாடியை, காற்றோட்டமுள்ள, யாரும் படுத்துறங்காத இடத்தில் அசையாமல் வைத்திருக்கலாம். செய்யக் கூடாதவற்றில்தான் கவனம் வேண்டும். முதுகைச் சுரண்டவோ, வெயிலில் காயவைக்கவோ, சூடாக்கவோ கூடாது. துளி கண்டால் விளக்குமாற்றாலோ வக்கியூம் கிளீனராலோ கூட்டக் கூடாது. அது துளியைச் சிதறடித்து, வாசனையே இல்லாத ஆவியை வீடெங்கும் பரப்பிவிடும். தடித்த அட்டையால் ஒன்றாக ஒதுக்கி, இறுக மூடக்கூடிய போத்தலில் சேர்க்க வேண்டும். அதற்குமுன் மோதிரம், காப்பு, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றி அப்பால் வைத்துவிடுங்கள். பாதரசம் பட்ட பொன் அதனோடு கலந்து வெளுத்துப் போகும். எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். யாழ்ப்பாணத்தில் நாம் குடிக்கும் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர். மேலே கொட்டியது கீழே போக அதிக காலம் எடுக்காது.

இனி ஏமாற்று வகை. பழம்பொருள் விற்பவர்கள் மிக எளிதாக ஒட்டும் பெயர்கள் இரண்டு: "டச்சுக்காலம்", "பெல்ஜியம்". ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1658 முதல் 1795 வரை. அந்தக் காலத்துக் கண்ணாடி என்றால் இன்று அதற்கு 230 வயதுக்கு மேல் இருக்க வேண்டும். அத்தகையது அதன் முதல் கண்ணாடியோடும் முதல் பின்பலகையோடும் சாதாரணமாகக் கிடைத்துவிடாது. பெல்ஜியம் உண்மையாகவே கண்ணாடி ஏற்றுமதியில் பெயர்பெற்ற நாடுதான், செட்டிநாட்டு மாளிகைகளிலும் அப்பெயர் புழங்குகிறது. ஆனால் இன்று ஓரம் சரித்துச் சீவிய கண்ணாடி எதுவானாலும் பெல்ஜியமாகிவிடுகிறது.

வெளிநாட்டிலிருந்து திரும்பி நல்லூர்ப் பக்கம் வீடு கட்டிய ஒருவர், டச்சுக்காலத்தது என்று தென்னிலங்கையில் பெருந்தொகை கொடுத்து வாங்கிய கண்ணாடியை என்னிடம் கொண்டுவந்தார். பின்பலகையைப் பிடித்திருந்த திருகாணிகளின் தலையில் சிலுவைக் கீறல் இருந்தது. அந்த வகைத் திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. திருகாணியைப் பின்னாளில் யாரும் மாற்றியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் சட்டத்திலிருந்த வண்டுத் துளைகள் எல்லாம் துறப்பணம் இட்டதுபோல நேராக இறங்கின. வண்டு மரத்துக்குள் வளைந்து வளைந்துதான் போகும். பின்பலகையோ தேயிலைச் சாயமிட்டது; ஈரத்துணியால் துடைத்தபோது நிறம் துணியில் வந்தது. கண்ணாடியில் நெளிவென்பதே இல்லை. உருகிய தகரத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் செய்யும், பிரித்தானிய நிறுவனமான பில்கிங்டனின் முறை 1959 இல் அறிவிக்கப்பட்டதற்குப் பின்னரே மலிவான கண்ணாடிகூட இப்படிச் சமமாக வரத் தொடங்கியது. பழைய கண்ணாடியின் முன் தலையை மெல்ல அசைத்தால் விம்பம் தண்ணீரில் போல ஒரு கணம் நெளியும். தேய்த்து மெருகிட்ட விலையுயர்ந்த பழைய கண்ணாடிகள் நெளியாமலும் இருக்கும்; எனவே ஓர் அடையாளம் போதாது, நாலைந்து சேர்ந்து ஒரே கதையைச் சொல்ல வேண்டும். புதிதாகச் செய்த பழைய பாணிக் கண்ணாடியை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை, அதற்குரிய விலையைக் கொடுத்தால் சரி.

உண்மையான பழைய கண்ணாடி கிடைத்தவர்கள் அடுத்து செய்யும் தவறு, புதிதாகப் பூச்சிடக் கொடுப்பது. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தபின் அது திரும்ப வராது. பழமைக்கான சான்றும் விலையும் அதோடு போய்விடும். முகம் பார்த்தே ஆக வேண்டுமென்றால், பழைய கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே அளவில் புதியதொன்றைச் சட்டத்தில் பதிக்கலாம். ரசம் போன கண்ணாடி வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

பொன்முலாம் பூசிய சட்டத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, பொற்தகடு நீரில் கரையும் பசையோடு ஒட்டியிருக்கக்கூடும். மென்மையான தூரிகை போதும். கண்ணாடியிலும் திரவத்தைத் தெளிக்க வேண்டாம். அது வழிந்து கீழ் விளிம்பில் தேங்கிப் பூச்சை அரிக்கும். முதிரையோ தேக்கோ, மரம் எதுவானாலும் துளைகளிலிருந்து வெளிர் நிறத் தூள் புதிதாக உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. அந்தச் சட்டத்தை மற்றத் தளபாடங்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

பாரத்தைப் பலர் கணக்கிலெடுப்பதே இல்லை. ஒரு சதுர மீற்றர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோகிராம் வரும். நான்கடிக்கு மூன்றடி, ஆறு மில்லிமீற்றர் தடிப்பு என்றால் கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 17 கிலோகிராம். தேக்குச் சட்டம் அதற்குமேல். நம் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் இப்போதைய பிளாஸ்ரிக் செருகிகள் பிடிப்பதில்லை. போர்க்காலத்தில் குண்டதிர்வுகளைத் தாங்கி நின்ற சுவரென்றால் பூச்சு உள்ளே கழன்றிருக்கும். விரல் முட்டியால் தட்டினால் வெற்றொலி கேட்கும். அத்தகைய இடத்தில் கண்ணாடியை நிலத்திலோ மேசையிலோ ஊன்றி, மேலே இரண்டு இடத்தில் மட்டும் சுவரோடு பிணைப்பதே நல்லது. முற்றத்து வெளிச்சம் விழும், ஆனால் மாரி மழையில் ஈரம் ஊறாத உட்சுவராகப் பார்த்து, பின்புறம் காற்று புக ஓரங்குலமாவது இடைவெளி விடுங்கள். கடலோரத்து வீடுகளில் உப்புக்காற்று கண்ணாடியின் விளிம்பிலிருந்துதான் வேலையைத் தொடங்கும்.

வட்டுக்கோட்டை அம்மாவின் மகள் அந்தக் கண்ணாடியைக் கனடாவுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தார். கலாசார ஆதனங்கள் தொடர்பான 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இத்தகைய பழம்பொருளை அனுமதிப்பத்திரமின்றி ஏற்றுமதி செய்ய முடியாது என்பதால் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரிக்கும்படியும், விமானத்தின் அலுமினியத்தை அரிக்கும் பாதரசத்தை விமானப் பயணப் பொதியில் ஏற்றவிட மாட்டார்கள் என்றும் சொன்னேன். இப்போது அந்தத் தேக்குச் சட்டம் புதிய கண்ணாடியோடு அதே விறாந்தையில் நிற்கிறது. பழையது தடித்த பொலித்தீனில் சுற்றி, மரப்பெட்டியில் அடைத்து, உள்ளே பாதரசம் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி, பின்கட்டில் பூட்டிய அறையில் இருக்கிறது.