லேபிள் ரோல் அச்சடிக்கக் கொடுக்கும் முன்பு

பென்னாகரம் பக்கத்தில் சாமை மாவு பொட்டலமிட்டு விற்கும் மகளிர் குழு ஒன்று, 5,000 லேபிள்கள் கொண்ட ரோல்களையும், அவற்றை ஒவ்வொன்றாக உரித்து நீட்டும் சிறிய லேபிள் டிஸ்பென்சர் இயந்திரத்தையும் கடன் வாங்கிய பணத்தில் வாங்கி வைத்த பிறகுதான், தமிழில் மட்டும் அச்சடித்த லேபிள் செல்லாது என்று தெரிந்துகொண்டது. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள், 2011 சொல்வது இதுதான்: கட்டாயத் தகவல்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். தருமபுரியில் அரைத்து தருமபுரிச் சந்தையிலேயே விற்கும் மாவுக்கு இது என்ன நியாயம் என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் விதிப் புத்தகத்தைக் காட்டினார்கள்.

விடுபட்ட வரிகளைத் தனி ஸ்டிக்கராக அடித்து மேலே ஒட்டிவிடலாம் என்று அச்சகத்தில் யோசனை சொன்னார்கள். பலரை மாட்டிவிடுவது இந்த யோசனைதான். எல்லாத் தகவல்களும் அடங்கிய முழு லேபிளைப் பொட்டலத்தில் உறுதியாக ஒட்டுவதற்குத் தடையில்லை. ஆனால் கட்டாயத் தகவல் ஒன்றைப் புதிதாகச் சேர்க்கவோ மாற்றவோ தனித் துண்டு ஒட்டுவதை அதே விதிகள் தடுக்கின்றன. விலையைக் குறைப்பதற்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்கக் கூடாது. ஆகவே தேதிக்கும் விலைக்கும் லேபிளிலேயே வெற்றுக் கட்டம் விட்டு அச்சடித்து, பொட்டலம் கட்டும் நாளில் அழியாத மையால் அந்தக் கட்டத்துக்குள் பதிப்பதே பாதுகாப்பானது.

பொருளின் பெயர், நிகர எடை, அனைத்து வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், முகவரி, புகாருக்கான தொலைபேசியும் மின்னஞ்சலும் வேண்டும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். தவறுவது சின்ன இடங்களில். ஆங்கிலத்தில் கிராமுக்கு 'ஜி' என்ற ஒரே சிற்றெழுத்துதான் குறியீடு. 'ஜிஎம்எஸ்' என்று நீட்டினால் பிழை. எடைக்கு முன்னால் 'சுமார்' என்று போடக் கூடாது. அலகு விலையும் இப்போது கட்டாயம்: 250 கிராம் மாவு 60 ரூபாய் என்றால், ஒரு கிராம் 0.24 ரூபாய் என்று தனியாகக் காட்ட வேண்டும். உணவுப் பொருளாயின் 14 இலக்க உணவு பாதுகாப்புப் பதிவு எண்ணும், சைவத்தைக் குறிக்கும் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமும், பயன்படுத்துவதற்கான கடைசித் தேதியும் சேரும். 'இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது' என்ற வரி அந்தத் தேதிக்கு ஈடாகாது.

கிருஷ்ணகிரியில் மாங்கூழை வேறொருவர் ஆலையில் கூலிக்குத் தயாரித்து வாங்கித் தம் பெயரில் அடைத்து விற்பவர்கள் முகவரியில் சறுக்குகிறார்கள். தயாரித்தவரும் பொட்டலமிட்டவரும் வேறுவேறு ஆள் என்றால், இருவர் விவரமும் லேபிளில் இருக்க வேண்டும். (வாங்குபவர் கண்ணெதிரே எடை போட்டுக் கட்டித் தருவதற்கு இந்த விதிகள் பொருந்தாது; மளிகைக் கடைக்காரர்கள் வீணாகப் பயப்பட வேண்டாம்.)

அடுத்தது அலைச்சல். உணவு பாதுகாப்புப் பதிவு ஓர் அலுவலகம். எடை, விலை, பொட்டலமிடுபவர் பதிவு ஆகியவை தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு. முதல் அலுவலகத்தில் சான்று வாங்கியவர்கள் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள், இரண்டாவது பதிவு இருப்பதையே அங்கே யாரும் சொல்வதில்லை. அந்தப் பதிவுக்கு விதியில் உள்ள கட்டணம் 500 ரூபாய். தொழில் தொடங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இடைத்தரகர் இதற்குப் பல மடங்கு கேட்டால் பொட்டலப் பொருள்கள் விதிகளின் விதி 27ஐ எடுத்துக் காட்டுங்கள்.

பார்கோடு இல்லாமல் விற்கவே முடியாது என்பவரையும் நம்ப வேண்டாம். பெரிய கடைகள் கேட்கும், சட்டம் கேட்பதில்லை. 890 என்று தொடங்கும் எண், அந்த நிறுவனம் இந்தியாவில் எண் வாங்கியது என்பதைத்தான் காட்டுகிறது; சரக்கு இங்கே தயாரானது என்பதற்கு அது சான்றல்ல. இனி க்யூஆர் கோடு மட்டும் போதும் என்று சொல்லி ரோல் விற்பவர்களும் வந்துவிட்டார்கள். 2022இல் சில தகவல்களைக் க்யூஆர் கோடில் தர அனுமதித்தது மின்னணுப் பொருள்களுக்கு, அதுவும் ஓராண்டுக்கு. 2023 ஆகஸ்ட் முதல் குறிப்பிட்ட 300 மருந்துப் பெயர்களுக்குக் கட்டாயமானதும் அச்சுத் தகவலுக்கு மாற்றாக அல்ல. லேபிளின் எதிர்காலம் அந்தப் பக்கம் போகலாம். உங்கள் சாமை மாவுக்கு இன்று எழுத்துத்தான் வேண்டும்.

ரோலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், மாதிரி லேபிளை உண்மையான அளவிலேயே சாதாரணத் தாளில் அச்சிட்டு, இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள் கடிதத்துடன் கொடுங்கள். 'சரியாக இருக்கிறது' என்று வாய்மொழியாகச் சொல்வார்கள், எழுதித் தரத் தயங்குவார்கள். அப்போதும் உங்கள் நகலில் தேதியுடன் பெறுகை முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.